நடுவில் ஒரு முழம் மண்

செம்மங்கரை, குடவாசல் வழி
10.11.1996

அன்புள்ள நாத்தனார் ஃபிளோராவுக்கு,

அண்ணி அம்சம் எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். அந்தப் பனியில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? சளி பிடித்தால் மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி. நர்ஸாக இருப்பதற்காக மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருக்காதே.

சேதி கேள். நான் ஜெயித்துவிட்டேன்! செம்மங்கரை ஊராட்சித் தலைவி இனிமேல் உன் அண்ணிதான். ரைஸ்மில்லில் ஃபிட்டர் ஜேசுராஜ் என்று இருந்த உன் அண்ணன் ஒரே நாளில் "தலைவி வீட்டுக்காரர்" ஆகிவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறார். ஓட்டுப் போட்டதே அவர் ஒருவர்தான் என்று நினைப்பு.

நான் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று. அடுத்த சம்பாவுக்கு அல்லி வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரைக்கும் வரும் என்று சொன்னேன். கடைமடை யாருடையது என்று உனக்குத் தெரியும். எங்கள் கீழத்தெரு ஜனம் சங்கம் வைத்து, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் வாங்கிய வயல். நிலம் வந்தது, தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. இந்த வருஷமும் நாற்று கருகிப்போனது. அடுத்த வருஷமும் கருகினால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

"தூர் வார்றது கவர்மெண்டு வேலை. தீர்வை கட்டுறோம்ல, கேட்டு வாங்குவோம்" என்கிறார் சங்கச் செயலாளர் ரெங்கசாமி. நானும் அதைத்தான் சொல்கிறேன். மனு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கம்பளியைக் கழுத்து வரை போர்த்திக்கொள்.
தோழமையோடும் உறவோடும்,
அம்சம்

சுவீடன்
5.12.1996

கர்த்தருக்குள் பிரியமான அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வார்டிலேயே பிரித்துப் படித்துக் கத்திவிட்டேன். நோயாளி ஒருவர் பயந்து மணியை அடித்துவிட்டார். அண்ணனின் மூட்டு வலி தேவலையா? தலைவி வீட்டுக்காரருக்கு மூட்டு வலித்தால் நன்றாயிராது.

இங்கே மதியம் மூன்று மணிக்கே இருட்டு. ஆனால் குறை சொல்ல மாட்டேன். குழந்தை பிறந்தால் அரசு, படித்தால் அரசு, கிழவனானால் அரசு. முதலாளிகளும் இருக்கிறார்கள், தொழிற்சங்கமும் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து அரசு காப்பி ஊற்றுகிறது. இதையும் சோஷலிசம் என்றுதான் சொல்கிறார்கள். ரெங்கசாமி அண்ணன் ஒத்துக்கொள்வாரா?

எங்கள் குடியிருப்பில் பெர்ட்டில் என்று ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்தவர். அரசே கூடாது, முதலாளி மட்டுமில்லை, மந்திரி, போலீஸ் யாருமே கூடாது, ஜனங்கள் கூடிப் பேசி எல்லாவற்றையும் நடத்திக்கொள்ளலாம் என்று நம்புகிறவர். இந்தக் கட்டிடத்துக்கே பொதுவாகக் கீழே ஒரு துவைக்கும் அறை உண்டு. சுவரில் பலகை. யாருக்கு எப்போது முறை என்று அதில் பூட்டு மாட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். போலீஸே வேண்டாம் என்கிற பெர்ட்டில், என் முறை முடிந்து ஐந்து நிமிஷம் ஆனால் கதவைத் தட்டிவிடுவார். எனக்கு ஞாயிறு சாயங்காலம்தான் முறை. வாரம் முழுக்கப் பகல் டியூட்டி.

கிறிஸ்துமஸுக்கு என் பங்கு முறுக்கையும் அண்ணனே தின்னட்டும்.
ஜெபத்தில் உங்களை மறவாத,
ஃபிளோரா

செம்மங்கரை
20.1.1997

அன்புள்ள ஃபிளோராவுக்கு,

பொங்கல் நல்லபடியாக ஆனது. உன் அண்ணன் மூட்டு தேவலை, வாய்தான் வலிக்கும் போலிருக்கிறது, அவ்வளவு பேச்சு. உன் பெர்ட்டிலை எனக்குப் பிடித்துவிட்டது. அவரை இங்கே அனுப்பு, மதகுக்குக் காவல் போடுகிறேன்.

உன் காப்பிக் கதையை ரெங்கசாமியிடம் சொன்னேன். "அரசுங்கிறது ஆளுற வர்க்கத்தோட கருவி. காப்பி ஊத்துனா மட்டும் கருவி மாறிடுமா?" என்றார். "அப்ப அந்தக் கருவிகிட்ட நாம ஏன் தோழர் மனு கொடுக்கிறோம்?" என்று கேட்டேன். "கருவி நம்ம கைக்கு வர்ற வரைக்கும் மனுதான்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

மதகடியில் நிலம் வைத்திருக்கும் மிராசுதார் பஞ்சநதத்தையும் பார்த்தேன். அவரும் சோஷலிஸ்டாம்! வாலிபத்தில் கதர் கட்டி, கிராம ராஜ்ஜியம் பேசி ஊர் ஊராக நடந்தவர். "சர்க்கார் எதுக்கு அம்சம்? மனுஷாளுக்கு நல்ல மனசு வந்தா போதும்" என்றார். இவருக்கு நல்ல மனசு வர நாங்கள் ஐம்பது வருஷமாகக் காத்திருக்கிறோம்.

ஆபீசுக்கு மூன்றாவது தடவையும் போனேன். "ஃபண்டு இல்லைங்கம்மா. இப்ப எல்லாத்தையும் குறைக்கச் சொல்றாங்க" என்கிறார் அதிகாரி. டவுனில் விதவிதமாக கார் ஓடுகிறது, வாய்க்காலுக்கு மட்டும் பணம் இல்லையாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த மாசம் நீ பண்ணும் போனுக்கு உன் அண்ணன் இப்போதே காத்திருக்கிறார்.
அம்சம்

சுவீடன்
12.3.1997

பிரியமுள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலமாக இருக்கிறேன். எல்லாம் வழக்கம்போலத்தான். பனி உருகி, தெருவெல்லாம் தண்ணீர். அண்ணனுக்கு இந்த மாசம் போன் பேச முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு யோசனை சொல்லட்டுமா? வசந்தம் வந்ததும் எங்கள் குடியிருப்பில் சுத்தம் செய்யும் நாள் வைப்பார்கள். எல்லாரும் வாருகோலோடு இறங்குவோம். டாக்டரும் வருவார், பஸ் டிரைவரும் வருவார். குப்பை அள்ளி, கடைசியில் காப்பி குடித்துக் கலைவோம். கூலி கிடையாது, குறையும் கிடையாது. அண்ணி, நம் ஜனங்களும் அப்படி இறங்கினால் என்ன? எத்தனை நாள் மனுவோடு நிற்பது? ஆளுக்கு ஒரு நாள் சும்மா உழைத்துக் கொடுத்தால் வாய்க்கால் சுத்தமாகிவிடாதா?

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் துவைக்கும் அறையில் உட்கார்ந்திருந்தபோது இது தோன்றியது. பெர்ட்டிலும் கை தட்டினார்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.
ஃபிளோரா

செம்மங்கரை
8.5.1997

ஃபிளோராவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

பதில் எழுத இரண்டு மாசம் ஆனதற்கு வேலை காரணமில்லை. கோபம். உன் கடிதத்தைப் படித்ததும் மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். உன் அண்ணன் சமாதானம் சொன்னார். அவரோடும் ஒரு நாள் பேசவில்லை.

"சும்மா உழைத்து" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் அப்பா தரங்கம்பாடியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளை வேட்டி, கையில் சாக்பீஸ். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. என் அப்பா தங்கையன் இதே அல்லி வாய்க்காலைச் சும்மாதான் வெட்டினார். அதற்குப் பேர் வெட்டி. கூலி கேட்டால் சாட்டை. வெட்டிக்குப் போக மாட்டோம் என்று சொல்லத்தான் சங்கமே வந்தது. அந்தச் சங்கத்தின் பேரைச் சொல்லி ஜெயித்தவள் நான். நானே போய் எங்கள் தெருக்காரர்களிடம், "வாங்க, சும்மா வந்து வெட்டுங்க" என்று கேட்க வேண்டுமா? ரெங்கசாமி காதில் விழுந்தால் என்ன ஆகும்? முதலில் என் மனசே கேட்காது.

உன் டாக்டர் குப்பை அள்ளினால் அது குணம். நாங்கள் அள்ளினால் அது விதி என்று இந்த ஊர் சொல்லிவைத்திருக்கிறது.

ஆபீசிலிருந்து பதில் இல்லை. வெயில் ஏறிவிட்டது. வாய்க்கால் வாய்க்காலாக இல்லை.
அம்சம்

சுவீடன்
21.5.1997

என் அண்ணிக்கு,

படித்துவிட்டு அழுதேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருக்கிறது. கோபத்தை மறைக்காமல் எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பெர்ட்டிலிடம் வெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜனங்கள் அப்படி வாய்க்கால் வெட்டியபோது நிலத்துக்காரர் எங்கே இருந்தார்? உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அண்ணனிடம் பேசுங்கள், பாவம்.
ஃபிளோரா

செம்மங்கரை
14.7.1997

அருமை நாத்தனாருக்கு,

எல்லாரும் சுகம், கைகால் மட்டும் கழன்று கிடக்கிறது. ஏன் என்று கேள்.

பெர்ட்டிலுக்குப் பதில்: நிலத்துக்காரர் கரையில் நின்றார். குடை பிடித்துக்கொண்டு. அதை எழுத உட்கார்ந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். அட, வெட்டி என்பது கூலி இல்லாததால் மட்டும் வந்த பேர் இல்லை, கரையில் ஒரு ஆள் நின்றதால் வந்தது! கரையில் யாருமே நிற்காவிட்டால்?

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "ஊரே இறங்கணும். மேலத்தெரு, கீழத்தெரு எல்லாரும். ஆள் அனுப்பக் கூடாது. கரையில ஒருத்தரும் நிக்கக் கூடாது. சம்மதமா?" ரெங்கசாமி குதித்தார். "நாமளே செஞ்சுட்டா அரசாங்கம் நிம்மதியா தூங்கும். அவன் பொறுப்பை நாம சுமக்கிறதா?" அதுவும் நியாயம்தானே? அதனால் ஒரு எல்லை வைத்தேன். கடைமடையிலிருந்து ஆலமரத்து வளைவு வரைக்கும் நாங்கள். வளைவிலிருந்து மதகு வரைக்கும் கல்லும் கட்டியுமாக இறுகிப்போன இடம், அது மெஷின் இல்லாமல் ஆகாது, அரசுதான் செய்ய வேண்டும். வளைவில், வாய்க்கால் நடுவிலேயே சங்கக் கொடியை நட்டு, பக்கத்தில் ஒரு தட்டி: "இதுவரை மக்கள். இதற்கு மேல் அரசு." ரெங்கசாமி முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

மிராசுதார் வீட்டுக்கும் போனேன். "ஐயா, நீங்க சோஷலிஸ்டுன்னு சொல்லுவீங்களே, காலையில வாய்க்காலுக்கு வந்துடுங்க." மறுநாள் டிராக்டர் டிரைவரை அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். அதற்கடுத்த நாள் அவரே வந்தார் ஃபிளோரா! சலவை செய்த கதர் வேட்டியோடு. கரையில் ஒரு நிமிஷம் நின்றார். வெட்டியவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இறங்கிய வேகத்தில் தொடை வரை சேற்றில் சிக்கிக்கொண்டார். எங்கள் தெரு ரெங்கம்மாளும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுக்க, ஆள் வந்துவிட்டார், வேட்டி வரவில்லை! நல்லவேளை, உள்ளே டிராயர் இருந்தது. ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார் என்று ரெங்கம்மாள் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. மறுநாள் கைலி கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார்.

எங்கள் பக்கம் முடிந்தது. கீழத்தெருவில் ராத்திரி கறிச்சோறு, இரண்டு தெருவும் ஒரே பந்தியில். எனக்கு விவரம் தெரிந்து இது முதல் தடவை.

சரி, இப்போது உன்னைக் கேட்கிறேன். எனக்குப் படிப்பு பத்தாவதுதான், ஆனால் கண் இருக்கிறது. பகல் டியூட்டி, ஞாயிறு சாயங்காலம்தான் துவைப்பேன் என்றவள், செவ்வாய்க்கிழமை காலையில் துவைக்கும் அறையில் எப்படி உட்கார்ந்திருந்தாய்? மாசா மாசம் போன் பண்ணியவளுக்கு மார்ச்சிலிருந்து ஏன் முடியவில்லை? வேலைக்கு என்ன ஆச்சு? உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. உண்மையை எழுது.
அம்சம்

சுவீடன்
2.8.1997

அண்ணி,

பொல்லாதவர் நீங்கள்!

பிப்ரவரியில் என்னை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வார்டையே மூடிவிட்டார்கள். அரசுக்குச் செலவு அதிகமாம், எல்லாத்தையும் குறைக்கிறார்களாம். உங்கள் அதிகாரி சொன்ன அதே வார்த்தை. நான் கொண்டாடிய அரசு என்னையே வெளியே அனுப்பியதை எந்த வாயால் எழுதுவது? அதுதான் நலம், நலம் என்று எழுதினேன்.

இப்போது நிஜமாகவே நலம். பெர்ட்டில் விடவில்லை. வேலை போன நாங்கள் நான்கு நர்ஸுகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பித்திருக்கிறோம். முதலாளி கிடையாது, எங்களுக்கு நாங்களே. வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். பெர்ட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை, அரசு இல்லாத உலகம் நாளைக்கே வந்துவிடும் என்கிறார். ஆனால் நாங்கள் செய்கிறோம் என்றதும் நகராட்சிக்காரர்கள் முகத்தில் என்ன ஆனந்தம் தெரியுமா! எல்லாக் கிழவர்களையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவப் பார்த்தார்கள். ரெங்கசாமி அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது.

நேற்று நகராட்சிக் கூட்டத்தில் எழுந்தேன். "இதுவரை நாங்கள், இதற்கு மேல் நீங்கள்" என்றேன். மருந்து, ஆஸ்பத்திரி, எங்கள் சம்பளம் எல்லாம் உங்கள் பொறுப்பு என்று அடித்துப் பேசினேன். பின்வரிசையில் கை தட்டினார்கள். ஒத்துக்கொண்டார்கள் அண்ணி! மனு கொடுக்காதீர்கள், நீங்களே செய்யுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொன்னவள் இப்போது மனுவோடு அலைகிறேன். நீங்களோ மண்வெட்டியோடு நிற்கிறீர்கள்.

அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் மெஷின் வந்ததா?
உங்கள் ஃபிளோரா

செம்மங்கரை
18.9.1997

என் தங்கமே,

உன் அண்ணனிடம் சொன்னேன். முதலில் கண் கலங்கினார். நகராட்சியில் நீ பேசியதைப் படித்துக் காட்டியதும் ரைஸ்மில் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். மூட்டு வலி போன இடம் தெரியவில்லை.

மெஷின் வந்தது! அந்தத் தட்டியைப் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரமே பொக்லைன். மதகிலிருந்து வளைவு வரைக்கும் சுத்தமாக வாரிவிட்டார்கள். மேட்டூர் தண்ணீரும் ஆற்றில் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை மதகு திறப்பு. மாலை, மேளம், அதிகாரி, ஊர் ஜனம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறது, எல்லாரும் கூடவே கரையில் ஓடுகிறோம். ஆலமரத்து வளைவில் வந்து அப்படியே நின்றுவிட்டது.

என்னவென்று பார்த்தால், நடுவில் ஒரு முழம் மண்! கொடிக்கு இந்தப் பக்கம் வரை நாங்கள் வெட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் வரை மெஷின் வெட்டியிருக்கிறது. கொடி நின்ற மண்ணை யாரும் தொடவில்லை. சங்கக் கொடியைப் பிடுங்க எங்கள் ஆட்களுக்கு மனசில்லை. சங்கக் கொடியில் கை வைக்க மெஷின்காரனுக்குத் தைரியமில்லை.

"அது உங்க பகுதிங்கம்மா" என்கிறார் அதிகாரி. "தட்டியைப் படிங்க சார், இது அரசோட பகுதி" என்கிறார் ரெங்கசாமி. "ரெண்டு பேரும் நல்ல மனசோட..." என்று பஞ்சநதம் ஆரம்பிக்கிறார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கீழே கடைமடையில் எங்கள் ஜனம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவர்கள் விட்டால் விடிய விடியப் பேசுவார்கள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். கொடியைப் பிடுங்கினேன். யார் கையில் கொடுப்பது? பக்கத்தில் பஞ்சநதம்தான் நின்றார், அவரிடமே நீட்டினேன். கதர்ச்சட்டைக்காரர் செங்கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். மண்வெட்டியால் ஒரே வெட்டு. மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. என்னையும் சேர்த்து! காலை வாரி, உருட்டி, அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உன் அண்ணன் கரையில் "அம்சம், அம்சம்" என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறார். எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. வாயெல்லாம் தண்ணீர், சேறு, சிரிப்பு. கீழத்தெருப் பெண்கள் வாய்க்காலில் இறங்கிக் கைகோத்துப் பிடித்தார்கள். எங்கே தெரியுமா? கடைமடையில், எங்கள் அப்பா வயலுக்கு எதிரில். முதல் தண்ணீரும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

குலவைச் சத்தம் குடவாசலுக்கே கேட்டிருக்கும்.
அம்சம்

சுவீடன்
4.10.1997

அன்புத் தலைவிக்கு,

உடம்பில் அடி கிடி இல்லையே? நர்ஸாகக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தைக் கூட்டுறவுப் பெண்களுக்கு மொழிபெயர்த்துப் படித்தேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் மேல் மாடியில் தரையைத் தட்டினார்கள்.

பெர்ட்டிலுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. நேற்று வந்து கதவைத் தட்டினார். "அம்சம் ஊராட்சித் தலைவி. அப்படியானால் அந்த மண்ணை வெட்டியது அரசு. ஆனால் அவர் கீழத்தெருப் பெண். அப்படியானால் வெட்டியது மக்கள். எது என்று கேட்டு எழுது" என்கிறார். பாவம், தன் வாழ்நாள் கொள்கை இதில்தான் தொங்குகிறது என்பது போல நிற்கிறார். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

நல்ல சேதி: தை அறுவடைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பெர்ட்டிலும் வரப் பார்க்கிறார்.
ஃபிளோரா

செம்மங்கரை
25.10.1997

அன்புள்ள ஃபிளோராவுக்கு,

அடி இல்லை, சிராய்ப்புதான். நடவு முடிந்து கடைமடை முழுக்கப் பச்சை கட்டியிருக்கிறது. வரும்போது உன் அண்ணனுக்கு ஒரு நல்ல டார்ச் லைட். வேறெதுவும் வேண்டாம், நீ வந்தால் போதும்.

பெர்ட்டிலின் கேள்வியை ரெங்கசாமியிடம் கேட்டேன், பஞ்சநதத்திடமும் கேட்டேன். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முன்னெல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள்.

என் பதிலைக் கேள் ஃபிளோரா. வெட்டியது தலைவியோ கீழத்தெருக்காரியோ, சேறானது என் ஒரே பட்டுப் புடவை. எத்தனை அலசியும் கறை போகவில்லை. பெர்ட்டிலிடம் சொல், உங்கள் துவைக்கும் அறையில் அடுத்த செவ்வாய்க்கிழமை முறை எனக்கு.
அம்சம்